அசல் எது, போலி எது? பழைய கார் கற்றுத்தரும் அறிவியல்

மாணவர்களே, அம்பாசிடர் காரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வங்காளத்தில் உள்ள உத்தரபாரா தொழிற்சாலையில் அதன் உற்பத்தி 2014ஆம் ஆண்டு நின்றுவிட்டது. ஆனாலும் பல அம்பாசிடர்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஓடுகிற காரில் பாகங்கள் தேயும். தேய்ந்தவற்றை மாற்றியாக வேண்டும். காரின் உற்பத்தியே நின்றுபோன பிறகு கடையில் ஒருவர் ஒரு பாகத்தை நீட்டி, "இது அசல், விலை இவ்வளவு" என்கிறார். அவர் சொல்வது உண்மையா? கேட்கும் விலை நியாயமானதா? இதைக் கண்டுபிடிக்க, நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலும் வேதியியலும் கணக்கும் பெரிதும் உதவும். எப்படி என்று பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அம்பாசிடரில் நெடுங்காலம் இருந்தது 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் என்ஜின். அது பிரிட்டனில் உருவான 'பி-சீரிஸ்' என்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தில் பிறந்த, சற்றுப் பெரிய 1798 கன சென்டிமீட்டர் என்ஜின் பொருத்தப்பட்ட கார் எம்.ஜி.பி. இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் அதிகமான எம்.ஜி.பி. கார்கள் செய்யப்பட்டன. அவற்றைப் பேணி வைத்து ஓட்டுவோர் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆகவே அதன் உதிரி பாக வியாபாரமும் பெரிது. அசல், நல்ல நகல், மோசமான நகல் மூன்றும் அதில் கலந்தே வருகின்றன.

ஒரு சொல், மூன்று கேள்விகள்

'அசல்' என்ற சொல்லை முதலில் ஆராய வேண்டும். எம்.ஜி.பி.யின் உடல் எஃகுத் தகடுகளால் ஆனது. இங்கிலாந்தின் ஈரமான காற்றிலும், குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலைகளில் தூவும் உப்பிலும் அது துருப்பிடித்தது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்னும் நிறுவனம், தகடுகளை அழுத்தி வடிவமைத்த பழைய அச்சுகளைத் தேடிச் சேகரித்தது. அவற்றைக் கொண்டு 1988இல் முழு உடலையும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. அச்சு பழையது, தகடு புதியது, கார் உற்பத்தி நின்றதோ 1980இல். இந்த உடல் அசலா, நகலா?

இப்படிப் பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. கேள்வியை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒன்று: இதை யார், எப்போது செய்தார்கள்? இரண்டு: பொருளும் அளவும் சரியாக இருக்கின்றனவா? மூன்று: இன்று வேலை செய்யும் நிலையில் இருக்கிறதா? ஒரு பாகம் முதல் கேள்வியில் தேறி, மூன்றாவது கேள்வியில் தோற்கலாம். 1988இல் செய்த உடல் முதல் கேள்வியில் பழைய காரின் உடலுக்குச் சமமாகாது; மற்ற இரண்டிலும் துருப்பிடித்த பழைய உடலைவிடச் சிறந்ததாக இருக்கும்.

காந்தம் சொல்லும் செய்தி

முதல் கருவி ஒரு சிறு காந்தம். எம்.ஜி.பி.யின் தொடக்க கால மாடல்களில் என்ஜினை மூடும் பானெட் அலுமினியத் தகட்டால் ஆனது. 1970ஐ ஒட்டிய காலத்தில் அது எஃகுக்கு மாறியது. 1964ஆம் ஆண்டுக் காரின் 'அசல் பானெட்' என்று விற்கப்படுவதில் காந்தம் ஒட்டினால், அது பின்னர் வந்த பானெட் என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். மற்ற எஃகுப் பகுதிகளில் இதற்கு நேர்மாறு. ஒட்ட வேண்டிய இடத்தில் காந்தம் ஒட்டவில்லை என்றால், துருப்பிடித்த ஓட்டையைப் பசை போன்ற நிரப்பியால் அடைத்து மேலே வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று பொருள்.

காந்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பளபளக்கும் குரோமியம் முலாமுக்கு அடியில் பெரும்பாலும் நிக்கல் படலம் இருக்கும். நிக்கல் காந்தத்தால் கவரப்படும் உலோகம். எனவே உள்ளே பித்தளையே இருந்தாலும் வலிமையான காந்தம் லேசாக இழுபடக்கூடும். மேலும் பித்தளை, துத்தநாக உலோகக் கலவை இரண்டுமே காந்தத்தில் ஒட்டாதவை. இவற்றைக் காந்தத்தால் பிரித்தறிய முடியாது. அதற்கு ஆர்க்கிமிடீஸை அழைக்க வேண்டும்.

நீரில் ஒரு சோதனை

ஒரு பாத்திர நீரைச் சமையலறை எலக்ட்ரானிக் தராசின் மேல் வைத்து, அளவைச் சுழியமாக்குங்கள். பாகத்தை நூலில் கட்டி, நீரில் முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ படாதபடி தொங்கவிடுங்கள். நீர் அப்பொருளை மேல் நோக்கித் தள்ளுகிறது. அதே அளவு விசையால் பொருளும் நீரைக் கீழ் நோக்கித் தள்ளுகிறது. ஆகவே தராசு காட்டும் கிராம் எண்ணிக்கையே பொருளின் பருமன், கன சென்டிமீட்டரில்.

முலாம் பூசிய ஒரு பாகம் 134 கிராம் எடை கொண்டது; நீரில் தொங்கவிட்டபோது தராசு 20 காட்டியது என்று கொள்வோம். அடர்த்தி 134 ÷ 20 = 6.7. பித்தளையின் அடர்த்தி ஏறத்தாழ 8.5, எஃகு 7.8, வார்ப்புக்குப் பயன்படும் துத்தநாகக் கலவை 6.7; அலுமினியம் 2.7. ஆகவே பித்தளை என்று விற்கப்பட்ட அந்தப் பாகம் துத்தநாகக் கலவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பித்தளையாக இருந்திருந்தால் அதே பருமனுக்கு 170 கிராம் இருந்திருக்கும். குழிகளில் காற்றுக் குமிழ் தங்கினால் கணக்கு தவறும். பாகத்தை நீரில் அசைத்துக் குமிழ்களை வெளியேற்றிய பிறகே அளவு எடுக்க வேண்டும்.

மரையும் அளவும்

எம்.ஜி.பி. அங்குல அளவில் வடிவமைக்கப்பட்ட கார். அதன் போல்ட்டுகள் பெரும்பாலும் 'யு.என்.எஃப்.' என்னும் அங்குல மரை கொண்டவை. 5/16 அங்குலப் போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 24 மரைகள். அப்படியானால் புரியிடைத் தூரம் 25.4 ÷ 24 = 1.058 மில்லிமீட்டர். அதன் விட்டம் 7.94 மி.மீ. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டின் புரியிடைத் தூரமோ 1.25 மி.மீ. விட்டத்தைக் கண்ணால் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த முடியாது. பத்துப் புரியிடைத் தூரங்களைச் சேர்த்து அளந்து பாருங்கள்: ஒன்று 10.6 மி.மீ., மற்றது 12.5 மி.மீ. சாதாரண அடிக்கோலே போதும். மாறான போல்ட்டைப் பலவந்தமாகத் திருகினால் என்ஜினில் உள்ள மரையே அழிந்துபோகும். பத்து ரூபாய்ப் போல்ட் பல ஆயிரம் ரூபாய் வேலை வைத்துவிடும்.

பிஸ்டனுக்கு இன்னும் நுட்பமான அளவு தேவை. எம்.ஜி.பி. சிலிண்டரின் உள்விட்டம் 80.26 மி.மீ.; பிஸ்டன் ஓடும் தூரம் 88.9 மி.மீ.; சிலிண்டர்கள் நான்கு. பருமனை நீங்களே கணக்கிடுங்கள்; 1798க்கு மிக அருகில் வரும். அம்பாசிடர் என்ஜினில் ஓடும் தூரம் அதே 88.9, உள்விட்டம் மட்டும் 73.025 மி.மீ. கணக்கிட்டால் 1489 வரும். இரண்டும் ஒரே குடும்பம் என்பதற்கு இதுவே சாட்சி.

தேய்ந்த சிலிண்டரைப் பட்டறையில் கடைந்து பெரிதாக்குவது உண்டு. 0.020 அங்குலம் கடைந்தால் உள்விட்டம் 0.508 மி.மீ. கூடும். அந்த என்ஜினுக்கு, தொழிற்சாலையில் வந்த சாதாரண அளவுப் பிஸ்டன் எத்தனை அசலாக இருந்தாலும் பயனில்லை. முதலில் சிலிண்டரை அளந்துவிட்டுத்தான் பிஸ்டன் வாங்க வேண்டும்.

எண்கள் தரும் சாட்சியம்

லூகாஸ் நிறுவனத்தின் மின்பாகங்கள் பலவற்றில் பாக எண்ணும் செய்த காலமும் பொறிக்கப்பட்டிருக்கும். இங்கே எளிய தர்க்கம் ஒன்றைப் பயன்படுத்தலாம். பாகம் செய்த தேதி, கார் செய்த தேதிக்குச் சற்று முந்தியதாக இருக்க வேண்டும். 1967இல் செய்த காரில் 1969ஐக் குறிக்கும் பாகம் இருந்தால், அது லூகாஸ் செய்ததே ஆனாலும் அந்தக் காருடன் பிறந்தது அல்ல. எண் பொருந்தினாலும் உடனே நம்பிவிடக் கூடாது. எண்ணைப் புதிதாகவும் பொறிக்க முடியும். எழுத்தின் வடிவம், வார்ப்பின் விளிம்பு, கடைசல் கோடுகள் ஆகியவற்றை ஓர் அசல் பாகத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பல சோதனைகள் ஒரே விடையைச் சொன்னால்தான் முடிவுக்கு வரலாம்.

ரப்பர்: அசலே ஆபத்தாகும் இடம்

பழைய பெட்டி பிரிக்காமலே கிடைக்கும் பாகத்துக்குச் சந்தையில் மதிப்பு அதிகம். உலோகத்துக்கு இது பெரும்பாலும் சரி. ரப்பருக்கு முற்றிலும் தவறு. பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் ரப்பருக்கு வயதாகிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளோடு வினைபுரிந்து அதை விறைப்பாக்குகிறது. ஓசோன், அச்சங்கிலிகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி வெடிப்புகளை உண்டாக்குகிறது. வெப்பமும் வெயிலும் இதை விரைவுபடுத்துகின்றன.

இது ஏன் முக்கியம்? எம்.ஜி.பி.யின் பிரேக் பாஸ்கல் விதிப்படி இயங்குகிறது. மிதியை அழுத்தினால் திரவத்தில் ஏற்படும் அழுத்தம், குழாய்கள் வழியே எல்லாச் சக்கரங்களுக்கும் போகிறது. தொடக்க கால எம்.ஜி.பி.யில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவச் சுற்றுதான். ஒரு ரப்பர்க் குழாய் வெடித்தால் நான்கு பிரேக்குகளும் ஒன்றாகப் போய்விடும். 1965ஆம் ஆண்டுப் பெட்டியில் வந்த அசல் பிரேக் குழாய் கண்ணாடி அலமாரியில் இருக்கத் தக்கது. சாலையில் ஓடும் காரில், நம்பகமான நிறுவனம் அண்மையில் செய்த நகலே உயிரைக் காக்கும்.

விலை எப்படி உருவாகிறது?

ஒரு பாகத்தின் அச்சு செய்ய 5 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 50,000 பாகங்கள் செய்தால் ஒவ்வொன்றின் மேலும் விழும் அச்சுச் செலவு 10 ரூபாய். 500 மட்டும் செய்தால் அது 1,000 ரூபாய். பழைய காருக்கு வாங்குவோர் சிலரே; ஆகவே நேர்மையாகச் செய்த நகலும் விலை கூடுதலாகவே இருக்கும். மிக மலிவாகக் கிடைத்தால், எதைக் குறைத்தார்கள் என்று கேட்பது நியாயம்.

அதற்காக, கூடுதல் விலையே தரத்துக்குச் சான்று என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப், பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அவர் கருத்தை நம் பாகங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். நல்ல பாகத்தின் மதிப்பு 1,000 ரூபாய், மோசமானதன் மதிப்பு 200 ரூபாய். இரண்டும் பாதிப் பாதி. வாங்குபவருக்கு வேறுபாடு தெரியாவிட்டால், சராசரியாக 600 ரூபாய்தான் தரத் துணிவார். 600க்கு விற்க நல்ல பாகம் வைத்திருப்பவருக்கு மனம் வராது, அவர் விலகுவார். கடைசியில் சந்தையில் மோசமானது மட்டுமே எஞ்சும். ஆகவே காந்தமும் தராசும் அடிக்கோலும் உங்கள் பணத்தை மட்டும் காப்பதில்லை. சோதித்து வாங்குவோர் இருந்தால்தான் நேர்மையான வியாபாரியும் சந்தையில் நிலைப்பார்.

விலையை ஒப்பிடும்போது கூலியையும் ஆயுளையும் சேருங்கள். 600 ரூபாய்ப் பாகம் ஓராண்டு உழைக்கும். 1,500 ரூபாய்ப் பாகம் ஐந்தாண்டு உழைக்கும். மாற்றும் கூலி ஒவ்வொரு முறையும் 800 ரூபாய் எனில், முதலாவதன் செலவு ஆண்டுக்கு 1,400 ரூபாய். இரண்டாவதன் செலவு 2,300 ÷ 5 = 460 ரூபாய். மலிவானது எது?

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டு இருசக்கர வண்டியின் டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். உங்கள் டயரின் வயது என்ன?

2. பழைய குழாய், தாழ்ப்பாள், பூட்டு ஆகியவற்றின் அடர்த்தியை நீர்ச் சோதனையால் கண்டு பட்டியலிடுங்கள்.

3. 1967ஆம் ஆண்டு எம்.ஜி.பி. வைத்திருக்கும் ஒருவருக்கு இரண்டு பொருள்கள் வருகின்றன. அ) 1966ஆம் ஆண்டு பொறித்த, பயன்படுத்தாத லூகாஸ் விளக்கு. ஆ) அதே ஆண்டின் பெட்டி பிரிக்காத ரப்பர் பிரேக் குழாய். இரண்டுக்கும் ஒரே விலை. எதை வாங்கலாம், எதை எந்த விலைக்கும் காரில் பொருத்தக் கூடாது? மூன்று கேள்விகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, காரணத்தோடு விடை எழுதுங்கள்.