புரை நீங்கிய பார்வை

உரைநடை உலகம்

நுழையும்முன்

உலகை நாம் அறியும் வாயில்களுள் முதன்மையானது கண். அவ்வாயில் முதுமையில் மெல்ல மூடிக்கொள்வதை ஊழ் என்று ஏற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. மூடிய வாயிலை மீண்டும் திறக்க முடியும் என்று மெய்ப்பித்தது மருத்துவ அறிவியல். அவ்வறிவியலை வானம் பார்த்த சிற்றூர்களின் வாசல்வரை கொண்டுசென்றார் கரிசல் மண்ணில் பிறந்த மருத்துவர் ஒருவர். அவ்வரலாற்றையும், அதில் இளையோர்க்கு உள்ள பங்கையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மங்கும் உலகம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக மானாமதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள ஊர் நரிக்குடி. மழை பெய்தால் கண்மாய் நிறையும். பொய்த்தால் சீமைக்கருவேல மரங்களே வாழ்வளிக்கும். இத்தகைய ஊரொன்றில் வாழும் மூதாட்டி ஒருவரை மனக்கண்முன் நிறுத்துவோம். இளமை முழுவதும் வெயிலில் களையெடுத்தவர், மிளகாய் பறித்தவர். இன்று அவரால் அரிசியில் கல் பொறுக்க இயலவில்லை. வெளுத்த வற்றலையும் சிவந்த வற்றலையும் வேறுபடுத்த முடியாததால் கூலி வேலையும் நின்றுவிட்டது. எதிரே வருபவரைக் குரலைக் கொண்டே அறிகிறார். எதிர்வெயிலில் கண் கூசுகிறது. இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது.

“வயதானால் அப்படித்தான்” என்று வீட்டார் அமைதி அடைகின்றனர். அவரைக் கைப்பிடித்து அழைத்துச்செல்லப் பேத்தி பள்ளிக்கு விடுப்பு எடுக்கிறாள். ஒருவரின் கண் மங்கும்போது, இன்னொருவரின் கல்வியும் உடன் மங்குகிறது. உலக அளவில் பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணமாக விளங்கும் கண்புரை, ஓசையின்றிச் செய்யும் கேடு இதுவே.

புரை என்பது யாது?

கருவிழிக்கும் கண்பாவைக்கும் பின்னால் அமைந்திருப்பது கண்வில்லை. நீராலும் புரதத்தாலும் ஆன இவ்வில்லை பளிங்கு போலத் தெளிவானது. ஒளியைக் குவித்து விழித்திரையில் விழச் செய்வது. புரத இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதே அத்தெளிவுக்குக் காரணம். ஆண்டுகள் செல்லச்செல்லப் புரதங்கள் திரண்டு ஒட்டிக்கொள்கின்றன. வில்லை மஞ்சளாகிப் பின் மங்குகிறது. இதுவே கண்புரை. இது கண்ணின்மேல் வளரும் தோல் அன்று. கண்ணின் உள்ளேயுள்ள வில்லையே ஒளிபுகாத் தன்மை அடைவதாகும்.

முதுமை இதற்குத் தலையாய காரணம். நீரிழிவு, புகைப்பழக்கம், கண்ணில் படும் அடி, கதிரவனின் புறஊதாக் கதிர்கள், சிலவகை மருந்துகளை நெடுங்காலம் உட்கொள்ளுதல் ஆகியவையும் புரையை விரைவுபடுத்தும். நாற்பது வயதையொட்டிச் சிறிய எழுத்துகள் தெரியாமல் போவதை மக்கள் ‘வெள்ளெழுத்து’ என்பர். அது கண்ணாடியால் சரியாகும். புரை அவ்வாறு சரியாகாது. சொட்டு மருந்தும் பச்சிலையும் அதனைக் கரைப்பதில்லை. மங்கிய வில்லையை அகற்றுவது ஒன்றே தீர்வு.

ஊசியிலிருந்து வில்லைவரை

கண்புரைக்கு மருத்துவம் தேடிய வரலாறு நம் நாட்டில் மிகத் தொன்மையானது. கூரிய கருவியைக் கண்ணுள் செலுத்தி, மங்கிய வில்லையைப் பார்வை வழியிலிருந்து விலக்கும் முறையைச் சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல் விளக்குகிறது. வில்லையை விலக்கித் தள்ளுவதற்கு மாறாக, அதனை வெளியே எடுத்துவிடும் முறையைப் பிரான்சு நாட்டு மருத்துவர் ழாக் தாவியேல் 1747இல் மேற்கொண்டார்.

வில்லை நீங்கினால் ஒளி உள்ளே புகும். ஆனால் அதனைக் குவிப்பது எது? அக்குறையை ஈடுசெய்யவே தடித்த கண்ணாடிகள் தேவைப்பட்டன. ‘சோடாப்புட்டிக் கண்ணாடி’ என்று மக்கள் குறிப்பிட்ட அவற்றை அணிந்தவருக்குப் பொருள்கள் பெரிதாகத் தெரிந்தன. பக்கவாட்டுப் பார்வை குறைந்தது. கண்ணாடி உடைந்தால் பார்வையும் போயிற்று.

இரண்டாம் உலகப்போர் இதற்கு எதிர்பாராத விடையை அளித்தது. போர் விமானங்களின் மேல்மூடி சிதறி, நெகிழித் துணுக்குகள் விமானிகளின் கண்களில் புகுந்தன. அத்துணுக்குகளைக் கண் வெறுத்து ஒதுக்காமல் தாங்கிக்கொள்வதை ஆங்கிலேய மருத்துவர் ஹெரால்டு ரிட்லி கண்டார். அதேவகை நெகிழியால் வில்லை செய்து, 1949இல் இலண்டனில் ஒருவரின் கண்ணுக்குள் பொருத்தினார். தொடக்கத்தில் கடும் எதிர்ப்பைச் சந்தித்த அம்முறையே இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. 1967இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், மீயொலி அதிர்வால் வில்லையை நுண்துகள்களாக்கி உறிஞ்சும் முறையை உருவாக்கினார். அதனால் வெட்டும் சுருங்கிற்று. படுக்கையில் கிடக்கும் நாள்களும் குறைந்தன.

தெரிந்து தெளிவோம்

தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) மருத்துவத்தில் பேரார்வம் கொண்டவர். தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தைப் போற்றினார். அவர் காலத்துக் கண் நோயாளர் பற்றிய குறிப்புகளும், நோயுற்ற கண்களின் வண்ண ஓவியங்களும் நமக்குக் கிடைத்துள்ளன.

வடமலாபுரத்து மருத்துவர்

அறிவியல் வளர்ந்தாலும், அது வறியவரை அடையும் வழி எது? இவ்வினாவுக்கு வாழ்நாளையே விடையாக்கியவர் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் சிற்றூரான அயன் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தார். ஆற்று மணலில் எழுதிப் பழகிய அவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, 1944இல் மருத்துவரானார்.

உறவினர் மூவர் மகப்பேற்றில் மாண்ட துயரம் அவரை மகப்பேறு மருத்துவத்தை நோக்கித் திருப்பியிருந்தது. ஆனால், முடக்குவாதம் அவரைத் தாக்கியது. நெடுநாள் படுக்கையில் கிடத்தியது. விரல்களை நிலையாகக் கோணச் செய்தது. மகப்பேறு மருத்துவக் கனவு கலைந்தது; அவர் கலங்கவில்லை. கண் மருத்துவம் பயின்று, தம் விரல்களுக்கேற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் பழகினார். கோணிய அவ்விரல்களே ஒரு நூறாயிரத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தன.

மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற அவர், 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை நாச்சியார், அவர்தம் கணவர் நம்பெருமாள்சாமி உள்ளிட்ட குடும்பத்தினர் தோள்கொடுத்தனர். பணம் செலுத்த இயன்றவர் தரும் கட்டணத்தைக் கொண்டு இயலாதவர்க்கும் மருத்துவம் அளிப்பதே அந்நிறுவனத்தின் அடிப்படை. ஒரு நோயாளர்க்கு அறுவை முடிவதற்குள் அடுத்தவர் அருகிலுள்ள மேசையில் ஆயத்தமாக இருப்பார். மருத்துவரின் ஒரு நொடியும் வீணாவதில்லை. இச்சீர்மையே செலவைக் குறைத்தது.

வெளிநாட்டு உள்விழி வில்லைகளின் விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. எனவே, 1992இல் மதுரையில் ஆரோலேப் நிறுவனம் உருவாக்கப்பட்டு, குறைந்த விலையில் வில்லைகள் செய்யப்பட்டன. அவை இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன. 1973இல் பத்மஸ்ரீ விருது பெற்ற வெங்கடசாமி, 2006இல் மறைந்தார்.

இலவசம் மட்டும் போதுமா?

கட்டணமில்லை என்று அறிவித்தவுடன் மக்கள் திரண்டு வந்துவிடவில்லை. பேருந்துக் கட்டணம், உணவு, துணைக்கு வருபவர் இழக்கும் கூலி ஆகியவை ஏழைக்குப் பெருஞ்செலவுகள். ‘அறுவை’ என்னும் சொல் தரும் அச்சம் அதனினும் பெரிது. இதனை உணர்ந்தே, சிற்றூர்களில் முகாம் நடத்திக் கண்களை ஆய்வு செய்தல், அறுவை தேவைப்படுவோரை மருத்துவமனைக்கு அழைத்துச்சென்று உணவும் இடமும் அளித்தல், ஊர் கொண்டுவந்து சேர்த்தல் என முகாம் பணி விரிந்தது. 1976ஆம் ஆண்டிலேயே நடுவணரசும் பார்வையிழப்புத் தடுப்புக்கான நாடு தழுவிய திட்டத்தைத் தொடங்கியது.

கட்டு அவிழும் காலை

அறுவையின்போது கண்ணும் அதன் சுற்றுப்புறமும் மரத்துப்போகச் செய்யப்படுகின்றன. பெரும்பாலோர் விழித்த நிலையிலேயே இருப்பர். சிறு கீறல் வழியே மங்கிய வில்லை நீக்கப்பட்டு, அதன் உறைக்குள் செயற்கை வில்லை பொருத்தப்படுகிறது. கட்டு அவிழ்த்ததும் பலர் முதலில் வியப்பது நிறங்களைக் கண்டுதான். மஞ்சளேறிய வில்லை நீங்கியதால் வெள்ளை மேலும் வெண்மையாகவும், நீலம் மேலும் ஆழமாகவும் தோன்றும்.

பார்வை முழுமையாக நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மருத்துவர் கூறிய முறைப்படி சொட்டு மருந்து இட வேண்டும். கண்ணைக் கசக்குதல், அழுக்கு நீர் படவிடுதல், பளுவான பொருளைத் தூக்குதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கண்ணில் வலி மிகுந்தாலோ, சிவப்பு கூடினாலோ, பார்வை குறைந்தாலோ காலந்தாழ்த்தாமல் மருத்துவரை நாட வேண்டும். விழித்திரையிலும் பார்வை நரம்பிலும் வேறு நோய் இருந்தால், பார்வை முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். ஆகவே முன்கூட்டிய ஆய்வு இன்றியமையாதது.

“புரை முற்றட்டும், பிறகு பார்க்கலாம்” என்னும் சொல் இன்றும் ஊர்களில் கேட்கிறது. பழைய அறுவை முறைக்குப் பொருந்திய அச்சொல் இன்று பொருந்தாது. அன்றாட வேலைக்குப் பார்வை இடையூறாகும் நிலையே அறுவைக்கு உரிய நிலை. மிகவும் முற்றிய புரை அறுவையைக் கடினமாக்குவதோடு, கண்ணின் அழுத்தத்தையும் உயர்த்தக்கூடும். நாம் கண்ட மூதாட்டிக்குத் தேவை பெருஞ்செல்வம் அன்று. “வாருங்கள் அப்பத்தா, முகாமுக்குப் போய்வருவோம்” என்று அழைக்கும் ஒரு குரலே. அக்குரல் பேத்தியுடையதாகவும் இருக்கலாம். ஒருநாள் அவள் எடுக்கும் விடுப்பு, பல நாள் விடுப்புகளுக்கு முடிவு கட்டும். பாட்டி வற்றல் பிரிக்கும் களத்துக்கும், பேத்தி வகுப்பறைக்கும் திரும்புவர்.

இலக்கணக் குறிப்பு

செல்லச்செல்ல – அடுக்குத்தொடர்
புரதத்தாலும், நீராலும் – எண்ணும்மை
ஒளிபுகாத் தன்மை – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

கண்டார் – காண் (கண்) + ட் + ஆர்
காண் – பகுதி. கண் எனக் குறுகியது விகாரம். ட் – இறந்தகால இடைநிலை. ஆர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் உள்ள முதியோரிடம் உரையாடி, கண் ஆய்வுக்குச் செல்லாதிருப்பதற்கான காரணங்களைத் தொகுத்து வகுப்பில் கலந்துரையாடுக.
2. கண் மருத்துவ முகாமுக்கு ஊர்மக்களை அழைக்கும் துண்டறிக்கை ஒன்றை உருவாக்குக.

வினாக்கள்

1. வெள்ளெழுத்துக்கும் கண்புரைக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிப்பிடுக.
2. விமானிகளின் கண்காயம் மருத்துவ முன்னேற்றத்துக்கு வழிவகுத்தது எவ்வாறு?
3. ‘இலவசம் மட்டும் போதாது’ – இக்கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.