ஒரே குரல், ஒரே மெட்டு

தொட்டில் பிள்ளைக்கு அம்மாயி பாடுற தாலாட்டைக் கவனிப்போம். மேளமில்லை, துணைக்குரலில்லை; ஒரே மெட்டு. பத்துப் பேர் சேர்ந்து பாடினாலும் எல்லோருக்கும் அதே மெட்டு என்றால், அதுவும் இந்த வகைதான்.

ஐரோப்பாவில் கத்தோலிக்க மடத்துத் துறவிகள் பல நூற்றாண்டுகள் இப்படித்தான் வழிபாட்டுப் பாட்டுக்களைப் பாடினார்கள். மெட்டைக் காதால் கேட்டே படித்தார்கள். அதற்குப் பல வருசம் பிடித்தது. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் குயிதோ என்ற துறவி கோடுகள் போட்டு, சுரங்களை அவற்றின் மேல் குறித்தார். அதன்பின் கேட்டறியாத பாட்டையும் பார்த்துப் பாட முடிந்தது.

நம் மலையகப் பாட்டுக்களைச் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் திரட்டினார். சொற்கள் ஏட்டில் ஏறின. ஆனால் பல பாட்டுக்களின் மெட்டு பாட்டிமார் தொண்டையில்தான் இருக்கு. அவர்கள் இருக்கும்போதே நம் பிள்ளைகள் ஒரு பாட்டையாவது மெட்டோடு படித்துக்கொள்ளட்டும்.