பிள்ளையின் பேச்சு: குறைபாடா, வேறுபாடா?

இடம்பெயர்ந்து வந்த தாய் ஒருவர் எம்மிடம், "பள்ளிக்கூடத்தில இவன் வாயே திறக்கிறானில்லையாம். மூளை வளர்ச்சி குறைவோ எண்டு கேட்கினம்" எனக் கண்கலங்கினார். பையனுக்கு ஐந்து வயது. அயலிலும் பாலர் பாடசாலையிலும் சிங்களம். வீட்டிலோ தங்கையுடன் தமிழில் ஓயாது கதைக்கிறான். எனவே இது குறைபாடன்று. புதுமொழி காதில் ஊறும்வரை சில மாதங்கள் மௌனமாயிருப்பது பிள்ளைகளின் இயல்பு.

வேறுபாட்டைக் குறைபாடென மயங்கலாகாது. 'பழம்' என்பதைப் 'பளம்' என்பது பலரின் பேச்சுவழக்கு. 'தங்கை'யில் வரும் மெல்லிய ககரம் சிங்களத்தில் சொல்லின் முதலிலும் வரும். தமிழ்ப்பிள்ளை அதை வன்மையாக உச்சரிப்பது தாய்மொழியின் சாயலே.

உண்மையான குறைபாடு தாய்மொழியிலும் தெரியும். பின்வருவனவற்றைக் கவனிப்போம்:

1. அழைத்தால் திரும்பிப் பார்க்கிறதா? காதில் சீழ் வடிகிறதா? செவிப்புலனையே முதலில் சோதிக்க வேண்டும்.
2. இரண்டு வயதில் "அம்மா வா" என இரு சொற்களைச் சேர்க்கிறதா?
3. மூன்று வயதில் வீட்டார்க்கும், நான்கு வயதில் பிறர்க்கும் பேச்சுப் பெரும்பாலும் விளங்குகிறதா?
4. முன்பு பேசிய பேச்சு குறைந்துவிட்டதா? வீட்டிலும் மௌனமா?

ஐயமிருப்பின் பிள்ளையின் கிளினிக் கொப்பியுடன் குடும்பநல மாதுவைக் கண்டு, பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் அனுப்பும்படி கேளுங்கள். எமது நாட்டில் இப்பயிற்சி 1997இல் களனிப் பல்கலைக்கழகத்தில் ஆரம்பமானது. தமிழ் தெரிந்தவர்கள் இன்னும் போதாது. ஆகவே வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், எப்போது இடம்பெயர்ந்தீர்கள் என்பதை மறவாது சொல்லுங்கள். மொழிபெயர்க்க வளர்ந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பிறமொழிக்கென ஆக்கிய சோதனையை அப்படியே தமிழாக்கிப் புள்ளியிட்டால் முடிவு பிழைக்கும்.

வீட்டிலும் செய்ய வேண்டியவை உண்டு. "தமிழை விட்டுவிடுங்கள்" என்று எவர் சொன்னாலும் விடவேண்டாம். இரு மொழிகள் பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது. பிள்ளை "தண்ணி" என்பதைத் "தன்னி" என்றால் ஏசாது, "ஓம், தண்ணி வேணுமா?" என்று சரியாகச் சொல்லிக் காட்டுங்கள். திக்கினால் சொல்லை நீங்கள் முடித்துவிடாது பொறுத்திருங்கள். கிணற்றடியிலும் தோட்டத்திலும் செய்வதைச் சொல்லிச் சொல்லிச் செய்யுங்கள்.

காணியை விட்டு வந்தோம். மொழியைக் கூடவே கொண்டுவந்தோம். அதைப் பிள்ளைக்குக் கொடுப்பது எம் கையிலேயே உள்ளது.

சிந்திக்க: எமது முகாமில், கிராமத்தில் 'ஊமை' என்று பட்டம் சூட்டப்பட்ட பிள்ளை உண்டா? அதன் செவியை யாராவது சோதித்தார்களா?