நிக்கோவுக்குப் பிறகு யார்? ஜிடிஏ கூடுதல் கதைகளில் எதை எடுப்பது

2020 மே மாதம், ஊரடங்கில் எல்லாரும் வீட்டுக்குள் இருந்தபோது, எபிக் கடை ஜிடிஏ 5-ஐ ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தது. திருச்சியில் ஓரளவுக்கு நல்ல கணினி வைத்திருந்த பிள்ளைகள் பலருக்கு அந்த ஆட்டம் அப்படித்தான் கிடைத்தது. மெயின் கதையை முடித்தவர்கள் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: இதற்குக் கூடுதல் கதை உண்டா?

இல்லை. அதன் நாயகர்கள் மைக்கேல், ஃபிராங்க்ளின், டிரெவர் கதை தொடரும் என்று 2013-இல் ஆட்டத்தை உருவாக்கிய ராக்ஸ்டார் சொன்னது. அது வரவே இல்லை. உழைப்பெல்லாம் ஜிடிஏ ஆன்லைன் பக்கம் போனது. அதற்கு வரும் அப்டேட்டுகளுக்குக் கட்டணம் கிடையாது. 2020 டிசம்பரில் வந்த காயோ பெரிகோ கொள்ளையைத் தனியாளாகவே ஆடலாம். ஆனால் அதைத் தொடங்க நீர்மூழ்கி வாங்க வேண்டும், அதற்கு ஆட்டத்துக்குள் பணம் சேர்க்க வேண்டும், சேர்க்கப் பொறுமையில்லாதவர்களுக்காக நிஜப் பணத்தில் ஷார்க் கார்டு விற்கிறார்கள். ராத்திரிதோறும் சேர்ந்து ஆட மூன்று நான்கு நண்பர்கள் இருந்தால் ஆன்லைனுக்குப் போங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பித் தனியாக ஆடுகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கூடுதல் கதை என்ற வழக்கம் இந்த வரிசையில் 1999-இல் தொடங்கியது. முதல் ஜிடிஏவுக்கான 'லண்டன் 1969' தனியாக ஓடாது, மூல ஆட்டத்தின் தட்டும் கையில் இருக்க வேண்டும். மேலிருந்து பார்க்கும் பழைய தோற்றம்தான். ஆனாலும் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு: இந்த வரிசையில் நம்மைப் போல சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டுகிற ஊர் அது ஒன்றுதான். பழைய தட்டு கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும். அதற்கு மேல் அதைத் தேடி அலைய வேண்டாம்.

உண்மையான தேர்வு ஜிடிஏ 4-இல் இருக்கிறது. அதற்கு 2009-இல் இரண்டு கூடுதல் கதைகள் வந்தன: பிப்ரவரியில் 'தி லாஸ்ட் அண்ட் டாம்ன்ட்', அக்டோபரில் 'தி பாலட் ஆஃப் கே டோனி'. முதலில் எக்ஸ்பாக்ஸில் மட்டும். அதற்காக மைக்ரோசாஃப்ட் கொடுத்தது ஐந்து கோடி டாலர். கணினிக்கு 2010 ஏப்ரலில்தான் வந்தன. இன்று கணினியில் விற்கும் கம்ப்ளீட் எடிஷனில் மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே எதற்குப் பணம் கொடுப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை. செமஸ்டர் லீவில் கிடைக்கும் நேரத்தை எதற்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

இரண்டிலும் புது ஊர் கிடையாது. அதே லிபர்ட்டி சிட்டி, அதே தெருக்கள். ஆனால் ஜிடிஏ 4-இன் நாயகன் நிக்கோ பெல்லிக்கின் கதையில் பாலங்கள் ஆரம்பத்தில் மூடியிருக்கும், மீறிக் கடந்தால் போலீஸ் மொத்தமும் பின்னால் வரும். 2022 கடைசியில் காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்காக மூடியபோது ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஊர் எப்படிச் சுருங்கிப்போனதோ, அப்படி அந்த ஊரும் சுருங்கிக் கிடக்கும். கூடுதல் கதைகள் இரண்டிலும் எல்லாப் பாலமும் முதல் நிமிடத்திலிருந்தே திறந்திருக்கின்றன.

'லாஸ்ட் அண்ட் டாம்ன்ட்' ஜானி கிளெபிட்ஸ் என்ற பைக் கும்பல்காரனின் கதை. தலைவன் பில்லி திரும்பி வருகிறான், ஜானி கட்டிக்காத்த சமாதானத்தைக் கெடுக்கிறான், கூட்டம் உடைகிறது. மூலத்தில் பைக் எதிலாவது உரசினாலே ஆளைத் தூக்கி எறிந்துவிடும். இதில் ஜானி இருக்கையில் ஒட்டியிருக்கிறான். கூட்டத்தோடு அணிவகுத்துப் போகும்போது சாலையில் தெரியும் சின்னத்துக்குள் வண்டியைப் பிடித்து வைத்தால் உடம்பும் பைக்கும் தேறும், ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். சண்டைகளில் பிழைத்துவரும் கூட்டாளிகள் போகப்போகத் தேர்ந்தவர்களாகிறார்கள். செத்தால் புது ஆள் வருவான். இந்த இழப்பு உறைக்கிறது. கதை முழுக்க இருட்டும் கசப்பும்தான், சிரிப்பு குறைவு.

'கே டோனி' அதற்கு நேர் எதிர். இரவு விடுதி முதலாளி டோனி பிரின்ஸுக்கு வலக்கையாக இருக்கும் லூயிஸ் லோபஸ்தான் நாயகன். பாராசூட் உண்டு, கவச வண்டி உண்டு, ஹெலிகாப்டரில் கட்டி மெட்ரோ ரயில் பெட்டியையே தூக்கிக்கொண்டு போகும் மிஷன் உண்டு. முடித்த மிஷனைத் திரும்ப ஆடி மதிப்பெண்ணை உயர்த்தலாம். மூலத்தில் நிக்கோ செய்த வங்கிக் கொள்ளையில் பணயக்கைதியாகத் தரையில் கிடந்தவன் இந்த லூயிஸ் என்று தொடக்கத்திலேயே தெரிகிறது. அருங்காட்சியகத்தில் நடக்கும் வைர பேரத்தை மூன்று பேர் கண்ணாலும் பார்த்து முடிக்கும்போதுதான் முழுக் கதையும் கூடுகிறது.

அதனால் நான் சொல்லும் வரிசை: நிக்கோ, ஜானி, லூயிஸ். கதைக்காக ஆடுகிறவர்கள் ஜானியைத் தாண்டிப் போகவே கூடாது. லூயிஸின் கொண்டாட்டத்துக்குப் பிறகு ஜானியின் துக்கத்துக்குத் திரும்புவது கஷ்டம். நிக்கோவின் நீண்ட கதைக்கு நேரமே இல்லை, வாரக்கடைசி இரண்டுதான் கையில் என்றால் நேரே லூயிஸிடம் போங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. மூன்றுமே பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை. கூடுதல் கதைகள் இரண்டிலும் கெட்ட வார்த்தை, போதைப்பொருள், நிர்வாணம் மூலத்தைவிடக் குறைவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கித் தராதீர்கள். போனில் ஓடும் ஜிடிஏ 5 என்று ஏபிகே கோப்பு எங்காவது கிடைத்தால் அது போலி. அந்த ஆட்டம் போனுக்கு அதிகாரபூர்வமாக வரவில்லை.

வாங்கும் முன் லேப்டாப்பைப் பாருங்கள். ஜிடிஏ 4 இருபது ஜிபிக்குச் சற்று மேல் இடம் கேட்கும், ஜிடிஏ 5 போல நூறைத் தாண்டாது. ஹெலிகாப்டரைச் சாய்க்க வலப்பக்க எண் விசைகள் வேண்டும். அவை இல்லாத சின்ன லேப்டாப்பில் செட்டிங்ஸில் வேறு விசைகளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் லூயிஸ் கதை பாதியில் நிற்கும். கன்ட்ரோலர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. நிக்கோவின் கடைசி மிஷனில் ஹெலிகாப்டரில் தொற்றி ஏறும் இடத்தில், புதுக் கணினிகளின் வேகத்தாலேயே ஏற முடியாமல் போவதுண்டு. வினாடிக்கு 30 ஃபிரேம் என்று கட்டிவைத்துவிட்டு அந்த மிஷனைத் தொடங்குங்கள்.