பெருக்கலில் என்ன பாக்கி?

கேள்வி: பெருக்கல் பள்ளிக்கூடக் கணக்கு. அதில் கணினி விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

பதில்: நிறையவே இருக்கிறது. பள்ளியில் கற்ற முறையில் இலக்கங்கள் இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும். இதைவிட வேகமான வழி இருக்காது என்று 1960-ல் மாஸ்கோ பல்கலைக்கழகக் கருத்தரங்கில் ஊகம் சொன்னவர் சாதாரண ஆளல்ல. கணித மேதை கோல்மகோரவ். ஒரே வாரத்தில் அதைப் பொய்யாக்கினார் 23 வயது மாணவர் கரட்சூபா.

47×32-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4×3=12, 7×2=14. வழக்கமாக இன்னும் இரண்டு பெருக்கல் வேண்டும். அவர் ஒன்றோடு முடித்தார்: (4+7)×(3+2)=55. அதில் 12-ஐயும் 14-ஐயும் கழித்தால் 29. பிறகு 1200+290+14=1504. நான்கு பெருக்கல் மூன்றாகிவிட்டது! இரண்டு இலக்கத்தில் இது அற்ப லாபம்தான். ஆயிரக்கணக்கான இலக்கங்களைப் பாதி பாதியாகப் பிளந்து இதையே திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் அருமை தெரியும்.

2019-ல் டேவிட் ஹார்வியும் யோரிஸ் வான் டர் ஹூவனும் இன்னும் வேகமான முறையை அறிவித்தார்கள். இலக்க எண்ணிக்கையை அதன் மடக்கையால் பெருக்கினால் வரும் அளவுக்குத்தான் அதில் வேலை. (அன்றாடக் கணினிக்கு உதவாது, எண்கள் கற்பனைக்கெட்டாத அளவு பெரிதாக இருந்தால்தான் பலன்.) இதற்கும் கீழே போக முடியுமா? முடியாது என்றே பலரும் நம்புகிறார்கள். நிரூபித்தவர் இதுவரை யாருமில்லை.