சோளம் விதையிடும் இயந்திரம்: வேகம் கூடினால் இடைவெளி குழம்புவது ஏன்?

மாணவர்களே,

ஹற்றன், நுவரெலியாப் பக்கத்தில் சோளம் என்றால் லயத்துக்குப் பின்னால் நிற்கும் பத்துச் செடிதான். குழிக்கு இரண்டு விதை போட்டு, முளைத்ததும் ஒன்றைப் பிடுங்கிவிடுவோம். அநுராதபுரம், மொனராகலை மாவட்டங்களில் பெரும்போகத்தில் ஏக்கர் கணக்கில் பயிரிடுவோருக்கு அது கட்டாது.

நெற்பயிர் மட்டம் வெடித்து வெற்றிடத்தை ஓரளவு நிரப்பிக்கொள்ளும். சோளம் அப்படிச் செய்யாது. ஒரு விதை தவறினால் ஒரு கதிர் போயிற்று. இரண்டு விதை ஒன்றாக விழுந்தால் இரண்டும் ஒளிக்கும் நீருக்கும் போட்டியிட்டு மெலியும். ஆகவேதான் "நுண் விதையிடல்" தேவைப்படுகிறது.

விதைப் பெட்டிக்கு அடியில் துளைகளுள்ள தட்டு ஒன்று சுழலும். விசிறி காற்றை உறிஞ்ச, துளைக்கு ஒரு விதை ஒட்டிக்கொள்ளும். மேலதிக விதையை ஒரு சிறு பகுதி தட்டிவிடும். உறிஞ்சல் நிற்கும் இடத்தில் விதை குழாய்க்குள் விழும். பலரின் விடை இவ்விடத்தில் நின்றுவிடுகிறது. புள்ளி குறைவதும் இங்கேதான்.

விதை இடைவெளி 30 செ.மீ. எனக் கொள்வோம். மணிக்கு 8 கி.மீ. வேகம் என்பது செக்கனுக்கு 2.22 மீற்றர். அதாவது ஒரு வரிசைக்குச் செக்கனுக்கு 7.4 விதைகள். 16 கி.மீ. எனில் 14.8 விதைகள். (நான் கலைப் பட்டதாரி. மேசையில் விரலால் தட்டிப் பார்த்துத்தான் இதை விளங்கிக்கொண்டேன். செக்கனுக்குப் பதினைந்து முறை தட்ட முடியவில்லை!)

விதை விழ எடுக்கும் நேரமே பிழைக்குக் காரணம் என்று எழுதாதீர்கள். எல்லா விதையும் ஒரே அளவு தாமதித்தால் இடைவெளி மாறாது. ஒரு விதை மட்டும் குழாய்ச் சுவரில் உரசி 0.02 செக்கன் பிந்தினால்தான் சிக்கல். 8 கி.மீ. வேகத்தில் அது 4.4 செ.மீ. தள்ளி விழும், 16 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 9 செ.மீ. ஒரு பக்கம் 39, மறுபக்கம் 21! போதாதற்கு, முன்னோக்கிய வேகத்தோடு மண்ணைத் தொடும் விதை சாலில் உருளவும் செய்யும்.

இதற்காக அமெரிக்காவின் ஜோன் டியர் நிறுவனம் 2014இல் அறிமுகப்படுத்திய அமைப்பில் குழாய்க்குப் பதிலாகத் தூரிகைப் பட்டி உண்டு. அது விதையைப் பிடித்துச் சாலின் அடிவரை கொண்டுபோய், இயந்திரத்தின் வேகத்துக்குச் சமமாகப் பின்னோக்கி விடுகிறது. நிலம் சார்பாக விதையின் கிடை வேகம் ஏறத்தாழப் பூச்சியம். சுவீடனின் வெடர்ஸ்டாட் இயந்திரமோ காற்றழுத்தத்தால் விதையைச் செலுத்தி, மண்ணில் ஒரு சிறு சில்லால் அழுத்தி நிறுத்துகிறது.

இவை சமதரையான பெருவயலுக்கு உரியவை. நம் சிறு காணிகளுக்கு இரு சில்லு உழவு இயந்திரத்தோடு பூட்டும் கருவியும், கையால் தள்ளும் கருவியுமே பொருத்தம், காரணத்தோடு எழுதுக.

பயிற்சி: இடைவெளி 25 செ.மீ., வேகம் மணிக்கு 12 கி.மீ. ஒரு வரிசைக்குச் செக்கனுக்கு எத்தனை விதைகள்? (விடை: 13.3)