லாண்ட்மாஸ்டரின் ஸ்டியரிங் கிளச்: கழற்றலும் பூட்டலும்

எஞ்சினில் ஏற்படும் குறைகளை எமது விவசாயிகள் பலர் தாமாகவே கண்டுபிடித்து விடுகின்றனர். புகையின் நிறத்தைப் பார்த்தே பிழை எங்கே என்று சொல்லக் கூடியவர்கள் பழுகாமத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கின்றார்கள். ஆனால் கைபிடிகளின் கீழே, இடமும் வலமுமாக உள்ள இரண்டு சிறு பிடிகள் பெட்டிக்குள்ளே என்ன செய்கின்றன என்று கேட்டால், "நெரித்தால் திரும்பும்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். இப்பாடத்தில் அந்தப் பகுதியைப் பார்ப்போம்.

2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் பட்டிருப்புப் பாலத்தாலும் தோணிகளிலும் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தபோது, எல்லோராலும் இயந்திரத்தைக் கொண்டுவர முடியவில்லை. வளவிலும் வாடியிலும் நின்றவை வெயிலிலும் மழையிலும் நின்றன. பின்னர் 2011 ஜனவரி வெள்ளம் வந்தது. இப்படி நின்ற இயந்திரத்தில் எஞ்சின் எப்படியோ இயங்கிவிடும். ஆனால் ஒரு பக்கத்துப் பிடி இறுகியிருக்கும், அல்லது நெரித்தாலும் திரும்பாது. இதற்காக இயந்திரத்தையே அரை விலைக்குக் கொடுத்துவிட நினைப்பவர்களுக்காகவே இதனை எழுதுகின்றோம்.

லாண்ட்மாஸ்டர் என்பது உண்மையில் ஒரு வியாபாரப் பெயர். எமது நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன 1950களில் வடிவமைத்த இரு சில்லு இயந்திரத்தை இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் அப்பெயரில் செய்தார்கள். பின்பு ஜப்பானிய, சீன இயந்திரங்கள் வந்தபோதும் எமது வாயில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

இதன் திருப்பும் முறையை விளங்கிக்கொள்ளக் குளக்கட்டில் வேலை செய்யும் சங்கிலி டோசரை நினைத்துப் பாருங்கள். அதற்குத் திருப்பும் சில்லு கிடையாது. அமெரிக்காவில் பெஞ்சமின் ஹோல்ட் 1904இல் சேற்று நிலத்துக்காகச் சங்கிலி உழவு இயந்திரம் செய்தபோது, முன்னால் ஒரு சில்லு வைத்தே திருப்பினார். பிற்காலத்தில் அந்தச் சில்லை நீக்கி, ஒவ்வொரு சங்கிலிக்கும் தனித்தனிக் கிளச் வைத்தார்கள். இடப்பக்கக் கிளச்சை விடுத்தால் இடச் சங்கிலிக்கு விசை போகாது. வலச் சங்கிலி தள்ள, இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். கூடுதலாகத் திரும்ப அந்தப் பக்கத்துப் பிரேக்கையும் மிதிப்பார்கள். லாண்ட்மாஸ்டரின் சிறு பிடிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. டோசரில் பெரும்பாலும் பல தட்டுகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும் கிளச் இருக்கும். லாண்ட்மாஸ்டரிலோ கியர்ப் பெட்டிக்குள், ஒயிலில் நனைந்தபடி, நடுக் கியரின் பற்களும் பக்கக் கியரின் பற்களும் ஒன்றையொன்று கௌவிக்கொள்கின்றன. ஸ்பிரிங் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கும். பிடியை நெரிக்கும்போது ஒரு கவை பக்கக் கியரை விலக்குகின்றது.

ஆகவே பிடி சில்லைத் திருப்புவதில்லை. சில்லுக்கும் எஞ்சினுக்கும் உள்ள தொடர்பை அறுக்கின்றது. இதனை மனதிற் கொள்ளாதவர்களுக்கு இறக்கத்தில் ஆபத்து உண்டு. பெட்டியில் நெல் மூடைகளும் அவற்றின் மேல் பிள்ளைகளுமாக உயர்ந்த வீதியிலிருந்து வட்டைக்குள் இறங்குகின்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது எஞ்சின் இழுக்கவில்லை. பாரம் பின்னால் நின்று தள்ளுகின்றது, எஞ்சின் சில்லுகளைப் பிடித்து நிறுத்துகின்றது. இடப் பிடியை நெரித்தால் இடச் சில்லு அந்தப் பிடியிலிருந்து விடுபட்டு முந்தி ஓடும். இயந்திரம் வலப்பக்கம் திரும்பும்! சமநிலத்தில் பழகிய கை, பயத்தில் இன்னும் இறுக்கி நெரிக்கும். டோசர் ஓட்டுபவர்களும் இறக்கத்தில் இதே தலைகீழ் விளைவை அறிவார்கள். எதிர்ப் பக்கத்துப் பிடியை நெரிக்கலாம் என்று சிலர் கூறுவர். எமது கருத்து, பாரத்தோடு இறங்கும்போது இரண்டையுமே தொடாதிருப்பது. இறங்குமுன்பே தாழ்ந்த கியரைப் போடுங்கள், கைபிடியைத் தள்ளித் திருப்புங்கள், வேகத்தைப் பெட்டியின் பிரேக்கால் அடக்குங்கள். இறக்கத்தின் நடுவே பிரதான கிளச்சை விடுக்கவே கூடாது.

ஸ்பிரிங் தளர்ந்து பற்கள் தேய்ந்த இயந்திரத்தில், யாரும் பிடியைத் தொடாமலே பற்கள் கழன்று இதே விபரீதம் நேரலாம். பழைய இயந்திரத்தைத் திறந்து பார்க்கச் சொல்வது அதனால்தான்.

திறக்குமுன் கேபிளைப் பாருங்கள். துருப்பிடித்த கேபிளை மாற்றியதும் பிடி இலகுவாகி, பெட்டியைத் திறக்கத் தேவையே இல்லாமற் போவதுண்டு. பிடியில் சிறிது தொய்வு இருக்க வேண்டும். தொய்வு இல்லாவிட்டால் கியர் எப்போதும் அரைகுறையாகவே கௌவிப் பற்களின் முனையை உருட்டிவிடும். தொய்வு கூடினால் நெரித்தாலும் விலகாது. கேபிள் சரியாக இருந்தும் குறை தீரவில்லையானால் பெட்டியைத் திறக்கலாம்.

முதலில் இயந்திரத்தைச் சமதரையில் கட்டை கொடுத்து நிறுத்தி, ஓரிரவு அசையாமல் விட்டு, மறுநாள் ஒயிலை வடியுங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். ஒயில் பாற்கஞ்சி போலிருந்தால் சீல் பழுதாகித் தண்ணீர் கலந்திருக்கின்றது. அதில் காந்தத்தைத் தோய்த்துப் பார்த்தால் இரும்புத் துகளும் தெரியும். மெல்லிய பொடி வழமையானது. நகத்தளவு துண்டு வந்தால் ஏதோ ஒரு பல் உடைந்திருக்கின்றது.

பின்பு சில்லுகளையும் கேபிள்களையும் கழற்றி, கவையின் கைகளில் இடம், வலம் என்று அடையாளம் வையுங்கள். பக்க மூடியைத் திறக்கும் முறை இயந்திரத்துக்கு இயந்திரம் சிறிது மாறும். எதிலும் சுத்தமான சாக்கை விரித்து, வெளிவரும் ஒழுங்கிலேயே உறுப்புகளை அடுக்குவது நல்லது. ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைக் கழற்றும்போது அதன் மேல் துணியைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள். அமுங்கியிருந்த ஸ்பிரிங் கண்ணை நோக்கியும் பாயலாம். டோசரின் கிளச் ஸ்பிரிங்குகள் இதைவிடப் பலமடங்கு வலியவை. அவற்றை நீண்ட ஆணிகளால் அமுக்கிப் பிடித்தே கழற்றுவார்கள். உரிய கருவியில்லாமல் அதில் கைவைக்க வேண்டாம்.

இனிக் கௌவு பற்களை நன்றாகக் கழுவிப் பாருங்கள். முனை கூராக நின்றால் நல்லது. உருண்டிருந்தால் பாரம் ஏறும்போது அது வழுக்கும்; உழும்போது இயந்திரம் தானாகவே அந்தப் பக்கம் இழுக்கும். அரத்தால் ராவிச் சரிசெய்ய முயலாதீர்கள். பல்லின் மேற்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்டது, உள்ளே இரும்பு மெதுவானது. வெல்டிங்கால் நிரப்பித் தருவதும் சில இடங்களில் உண்டு. அது சிலகாலம் ஓடும். உதிரும் துண்டு பெயரிங்கினுள் போனால் செலவு இரண்டு மடங்காகும். புதிய கியர் கிடைக்கும்வரை செய்யக்கூடிய ஓர் உபாயம் இருக்கின்றது. சில இயந்திரங்களில் இரு பக்கக் கியர்களும் ஒரே அமைப்புடையவை. அப்படியானால் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிப் பூட்டலாம். முன்னோக்கி ஓடும்போது பல்லின் தேயாத முகத்தில் பாரம் விழும். அளந்து பார்க்காமல் மாற்றக் கூடாது.

இரு ஸ்பிரிங்குகளையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் அது தளர்ந்தது. மாற்றுவதானால் இரண்டையும் மாற்ற வேண்டும். கவையின் நுனி தேய்ந்திருந்தாலும் கியர் முழுதாக விலகாது. தண்டின் துருவை மெல்லிய எமரித்தாளும் ஒயிலும் கொண்டு நீக்குங்கள். கியர் தன் பாட்டில் வழுக்கி ஓட வேண்டும்.

கழுவுவதற்கு மண்ணெண்ணெய் அல்லது டீசல் போதும். பெற்றோல் வேண்டாம். பூட்டும்போது ஒவ்வோர் உறுப்பிலும் சிறிது ஒயில் தடவி, புதிய சீலின் உதட்டுக்குக் கிறீஸ் பூசிக்கொள்ளுங்கள். சீலை மாற்றாமல் மூடினால் அடுத்த சேற்றுழவிலேயே தண்ணீர் மீண்டும் உள்ளே போகும். ஒயில் ஊற்றுமுன் பிடியை நெரித்து, சில்லு கையால் தடையின்றிச் சுற்றுகின்றதா, விட்டதும் 'டக்' என்று கௌவுகின்றதா என்று இரு பக்கமும் பாருங்கள். பின்பு கைநூல் கூறும் தர ஒயிலைக் குறிவரை ஊற்றலாம். முதல் ஓட்டத்தைப் பெட்டி பூட்டாமல், காய்ந்த சமவயலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு முறை அவசரமாக இயந்திரத்தை விட்டுச் செல்ல நேர்ந்தால், அல்லது வாவி பெருகி வருவது தெரிந்தால், அதனை மேட்டில் ஏற்றி நிறுத்துங்கள். பிரதான கிளச்சின் தட்டுகள் துருவால் ஒட்டிக்கொள்ளாதிருக்க, அதன் பிடியை விடுத்த நிலையில் வையுங்கள். கேபிள்களின் இரு முனைகளிலும் கிறீஸ் அப்பிப் பொலித்தீனால் சுற்றிக் கட்டுங்கள். திரும்பி வந்ததும் எஞ்சினைச் சுழற்றுமுன் பெட்டியின் அடி ஆணியைச் சற்றுத் தளர்த்தி, முதலில் வருவது ஒயிலா தண்ணீரா என்று பாருங்கள்.